மனசால் பொருளை அசைக்க முடியுமா? வீட்டுத் தராசு, காம்பஸ், தாயக்கட்டை வைத்துப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அல்சூரில் எங்கள் தெருவில் எனக்கு 'லேப் மிஸ்' என்றுதான் பெயர். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, காகிதத்தையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் வருவார்கள், அவர்களுடைய அம்மாக்களும் வருவார்கள். சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

சைக்கோகைனசிஸ்னா என்ன மிஸ்? டெலிகைனசிஸும் அதுவும் ஒண்ணா?

கை படாமல், ஊதாமல், நூலோ காந்தமோ இல்லாமல், நினைப்பால் மட்டுமே ஒரு பொருளை அசைப்பது அல்லது மாற்றுவது. இரண்டு சொல்லையும் பெரும்பாலும் ஒரே அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறார்கள். ஆராய்ச்சி செய்தவர்கள் இதை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். கரண்டி வளைவது, காகிதம் சுழல்வது போலக் கண்ணுக்கு நேரே தெரிவது ஒன்று. ஆயிரக்கணக்கில் காசு சுண்டி, கணக்குப் போட்டால் மட்டுமே தெரியக்கூடிய சின்ன விலகல் இன்னொன்று.

இப்படி ஒரு ஆற்றல் உண்டு என்று இதுவரை நிறுவப்படவில்லை. இதைத் தெரிந்துகொண்டு பழக வருகிறவர்களுக்கு நான் முழு மனதோடு உதவுவேன். ஒரு கருவி ஏன் அசைகிறது என்று வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பதைவிட நல்ல இயற்பியல் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டிலேயே பழகலாமா? ஏதாவது ஆபத்து வருமா?

பழகலாம். இமைக்காமல் முறைத்துப் பார்த்தால் கண் எரியும், தலை வலிக்கும். இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கில் மாட்டியிருக்கும் எந்தக் கருவியையும் திறக்காதீர்கள். மெழுகுவத்திச் சுடரை வைத்துப் பழகுவது வேண்டாம். சுடர் உங்கள் மூச்சுக்கே ஆடும், திரைச்சீலையும் பக்கத்தில் இருக்கும்.

எந்தக் கருவியை வெச்சு ஆரம்பிக்கலாம்? நிறைய செலவாகுமா?

ஒரு ஊசி, அஞ்சலட்டை அளவுக் காகிதம், அதை மூடும் அளவுக்கு ஒரு கண்ணாடி ஊறுகாய் ஜாடி. சமையலறைத் தராசு. வடக்கைக் காட்டும் காந்த முள் காம்பஸ். தாயக்கட்டை ஒரு ஜோடி. மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் வேண்டுமென்றால், மின்னணுக் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும். கண்டிப்பாக வேண்டியது கோடு போட்ட நோட்டு ஒன்று, தேதியும் நேரமும் எழுத.

ஊசி மேல மடிச்ச காகிதம் வெச்சேன். கையைக் கிட்ட கொண்டு போனா தானா சுத்துது. எனக்கு சக்தி இருக்குன்னுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். கேட்கிறவர்களின் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்தால் பதில் சொல்லவே தயக்கமாக இருக்கும். காகிதம் சுற்றுவது உண்மை. அதைச் சுற்ற வைப்பது உங்கள் உடம்பின் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறது. உள்ளங்கையைச் சுற்றியிருக்கும் காற்று சூடாகி மேலே போகும். கையைக் கிண்ணம் மாதிரி வளைத்து வைத்தால் அந்தக் காற்று சாய்வாகத் திரும்பும். ஊசி முனையில் நிற்கும் காகிதத்துக்கு உராய்வே கிடையாது என்று சொல்லலாம், அதனால் அந்தச் சின்னக் காற்றே அதற்குப் போதும்.

என் பேச்சை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். கையை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வையுங்கள். காகிதம் சுற்றும். இன்னொரு நாள் கையைப் பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் வைத்துத் துடைத்துவிட்டு, அதே கவனத்தோடு முயன்று பாருங்கள். வேகம் குறையும், சில சமயம் எதிர்த்திசையில் போகும். உங்கள் நினைப்பு இரண்டு நாளும் ஒன்றுதான், கையின் சூடுதான் வேறு.

எங்கள் ஆய்வகத்தில் ரசாயனத் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். 'கதவைச் சாத்திட்டு அளவு எடும்மா' என்று எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மூச்சுக் காற்று பட்டால்கூட அந்தத் தராசு ஆடும். அதனால் உங்கள் காகிதத்தின் மேலும் ஜாடியைக் கவிழ்த்து மூடுங்கள். பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மூடாமல் செய்ததை என் நோட்டில் எழுதுவதே இல்லை.

ஜாடி போட்டும் லேசா அசைஞ்சுது. இப்ப என்ன சொல்றீங்க?

நல்ல கேள்வி. ஜாடியைத் துணியால் துடைத்தீர்களா? துடைத்த கண்ணாடியில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும், காகிதத்தை இழுக்கும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டு கிடக்கும். சீப்பில் முடி ஒட்டுகிற அந்த நாட்களில் இந்தத் தொல்லை அதிகம். ஜாடியின் உட்பக்கம் ஈரத் துணியால் ஒற்றிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள்.

அடுத்தது வெயில். ஜன்னல் பக்கத்துக் கண்ணாடி சூடானால் ஜாடிக்குள்ளேயே காற்று சுழலத் தொடங்கும். நீங்கள் முகத்தை ஒட்டி உட்கார்ந்தாலும் இதே கதைதான். மேசை அதிர்வும் உண்டு. எங்கள் தெருவில் பி.எம்.டி.சி. பஸ் திரும்பினாலே ஜன்னல் கம்பி கிணுகிணுக்கும். தரையில் கல் பலகை போட்டு, அதன் மேல் ஜாடியை வைத்து, நீங்கள் நாலு அடி தள்ளி உட்காருங்கள். பக்கத்தில் போனைப் பதிவில் போட்டு வையுங்கள்.

நூல்ல மோதிரம் கட்டிப் பிடிச்சா நான் நினைக்கிற பக்கம்தான் ஆடுது. கையை நான் அசைக்கவே இல்லை, சத்தியமா!

சத்தியம் வேண்டாம், நான் நம்புகிறேன். அசைப்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு அசைவை மனசில் நினைத்தாலே விரல் தசைகள் துளியளவு அதைச் செய்துவிடும். ஊசல் அந்தத் துளிகளை ஒவ்வொரு ஆட்டத்திலும் சேர்த்துச் சேர்த்துப் பெரிதாக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1833லேயே இதைத் தன் கையில் சோதித்து எழுதினார். கண்ணைக் கட்டிக்கொண்டதும் ஊசலின் ஆட்டம் அடங்கிவிட்டது. 1852ல் ஆங்கில உடலியல் அறிஞர் கார்பென்டர் இதற்கு 'ஐடியோமோட்டர்' என்று பெயர் வைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது மைக்கேல் ஃபாரடே 1853ல் செய்த சோதனை. அப்போது லண்டனில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்தால் ஆவி வந்து மேசையைத் திருப்புகிறது என்று ஒரே பேச்சு. அவர் அட்டைகளை அடுக்கி, இடையில் இளகிய பசை தடவி, மேசைக்கும் கைக்கும் நடுவில் வைத்தார். மேசை முதலில் நகர்ந்தால் கீழ் அட்டை முந்தும், கை தள்ளினால் மேல் அட்டை முந்தும். மேல் அட்டைதான் முந்தியது. பிறகு ஒரு முள்ளைப் பொருத்தி, கை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை உட்கார்ந்தவர்களே பார்க்கும்படி வைத்தார். மேசை நின்றுவிட்டது. அவர்களில் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. தங்கள் கை தள்ளுவதைத் தாங்களே பார்த்ததும் தள்ளுவது நின்றது, அவ்வளவுதான்.

போர்வெல் போட உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பார்கள். அதையும் இதே கண்ணோடு பாருங்கள். உங்கள் மோதிரத்துக்குச் சுலபமான வழி இருக்கிறது. நூலை விரலில் பிடிக்காமல் சுவர் ஆணியில் கட்டிவிட்டு முயலுங்கள்.

கிச்சன் தராசுல 50 கிராம் காட்டிச்சு. நான் 'லேசாகு, லேசாகு'ன்னு நினைச்சதும் 49 ஆச்சு!

தராசின் தட்டுக்கு அடியில் ஒரு உலோகத் துண்டு இருக்கும். எடை ஏறினால் அது துளி வளையும். அதில் ஒட்டிய மெல்லிய தகட்டின் மின்தடை அப்போது மாறும், அந்த மாற்றத்தைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. அறையின் சூடு மாறினால் இந்தத் தடையும் மாறும். மின்விசிறிக் காற்று தட்டை அமுக்கும். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் தராசு முழு எண்ணைத்தான் காட்டும் என்பதால், உண்மை எடை 49.5க்குப் பக்கத்தில் இருந்தால் 49, 50 என்று ஊசலாடிக்கொண்டே இருக்கும். மலிவான தராசுகளில் இன்னொரு பழக்கம் உண்டு: சுழியத்துக்கு அருகில் வரும் சின்ன மாற்றங்களைத் தானே அழித்துச் சுழியமாக்கிவிடும். வெறும் தட்டை வைத்துப் பழகாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். எப்போதும் ஒரே நாணயத்தை வைத்துச் சரிபாருங்கள். 2011 வரிசையில் வந்த 5 ரூபாய் 6 கிராம். அதற்குப் பின் வந்த வரிசையின் எடை வேறு, இரண்டையும் கலக்க வேண்டாம்.

தட்டில் வைத்த பொருள் அறையைவிடச் சூடாக இருந்தால் எடை குறைந்து காட்டும். அதைச் சுற்றி மேலே எழும் காற்று தட்டையும் கொஞ்சம் தூக்கும். கையில் வெகுநேரம் வைத்திருந்த நாணயத்தையோ சூடான டம்ளரையோ வைத்துவிட்டு 'லேசாகு' என்று நினைத்தால், தராசு உங்கள் பேச்சைக் கேட்டது போலவே இருக்கும்.

இந்த வேலையில் தராசை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் வில்லியம் குரூக்ஸ். 1861ல் தாலியம் தனிமத்தைக் கண்டுபிடித்த பெரிய வேதியியலாளர். 1871ல், ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன டேனியல் ஹோம் என்பவரைச் சோதித்தார். ஒரு பலகையின் ஒரு முனை மேசையில், மறுமுனை வில் தராசில். ஹோம் மேசைப் பக்கத்து முனையில் விரல் வைத்ததும் தராசு இறங்கியது என்று எழுதினார். சக விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. இதே குரூக்ஸ் தாலியத்தின் அணு எடையைக் காண, காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் எடை போட்டுக்கொண்டிருந்தார். சூடான பொருள் வைத்தால் தராசு விநோதமாக நடந்துகொண்டது. அதையும் விடாமல் துருவினார், வெளிச்சம் பட்டால் சுழலும் ரேடியோமீட்டர் அதிலிருந்துதான் பிறந்தது. உள்ளே மிச்சமிருந்த துளிக் காற்றும் சூடும்தான் சுழலவைக்கின்றன என்று பிறகு தெரிந்தது. பள்ளி ஆய்வகங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஹோம் பலகையை யாரும் வைத்திருக்கவில்லை.

காம்பஸ் முள் திரும்பிச்சு. போன்லயும் காந்த அளவு மாறிச்சு. அது காற்றுக்கு அசையாதே?

காற்றுக்கு அசையாது, இரும்புக்கு அசையும். வாட்ச், வளையல், ஜாக்கெட் ஊக்கு, போனின் ஸ்பீக்கர் காந்தம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். பெங்களூரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா (போன் காட்டும் காந்த அளவின் அலகு). போனை ஓர் அடி நகர்த்தினாலே தரைக்குள் இருக்கும் கம்பி காரணமாக இந்த எண் மாறும்.

எங்கள் பக்கத்தில் மெட்ரோவும் உண்டு. நம்ம மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. வண்டி கிளம்பும்போது மின்னோட்டம் ஏறும், அதன் காந்தப்புலமும் சுற்றிப் பரவும். பாதைக்கு அருகில் வீடு இருந்தால், நீங்கள் கருவியைத் தொடாமல் ஒரு மணி நேரம் பதிவு செய்து, முள் அசையும் நேரத்தை வண்டி வரும் நேரத்தோடு வைத்துப் பாருங்கள்.

மல்டிமீட்டர் கம்பி ரெண்டையும் சும்மா விட்டுட்டு கையை நீட்டினா எண் ஓடுதே?

வீட்டுச் சுவருக்குள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிறது. உங்கள் உடம்பு அதற்கு ஆன்டெனா. எதிலும் இணைக்காத மீட்டர் எதையும் பிடித்துக் காட்டும். இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட வைத்தால் நின்றுவிடும்.

தாயம் போடும்போது 'தாயம், தாயம்'னு நினைச்சா நிஜமாவே விழுதே. எங்க பாட்டியும் இப்படித்தான்!

தாயக்கட்டையின் நான்கு பக்கங்களில் சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். ஒன்றும் சுழியமும் விழுந்தால் தாயம், அது 2 விதம். ஆக எட்டுக்கு ஒன்று. 160 தடவை உருட்டினால் சராசரியாக 20 தாயம். ஆனால் சரியாக 20 வராது. 12 முதல் 28 வரை எது வந்தாலும் சகஜம். 27 வந்த அன்று வீடே கொண்டாடும், 13 வந்த அன்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

பாட்டி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஐம்பது வருடம் உருட்டிய கைக்குக் கட்டையைச் சறுக்கி விடத் தெரியும். அது கைத்திறமை, அதை நான் மதிக்கிறேன். 1934ல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் மன ஆற்றலை ஆராய்ந்த ரைன் என்பவரைத் தேடி ஒரு சூதாடி வந்து இதையேதான் சொன்னார். அதிலிருந்துதான் ரைனின் பகடைச் சோதனைகள் ஆரம்பித்தன. ரைன் பகடையைக் கையால் உருட்டுவதை விட்டுவிட்டு இயந்திரத்துக்கு மாறினார். நீங்கள் ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி, சாய்வுப் பலகையில் விடுங்கள். கடையில் வாங்கும் ஆறு முகப் பகடையில் புள்ளிகளைக் குழித்திருப்பார்கள். ஆறு குழி உள்ள பக்கம் லேசாக இருப்பதால் அது மேலே வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். பித்தளைத் தாயக்கட்டையும் கையால் ராவியதுதான், எட்டுக்கு ஒன்று என்பதும் கச்சிதமாக இருக்காது. அதனால் புத்தகக் கணக்கோடு ஒப்பிடக் கூடாது.

அப்ப எதோட ஒப்பிடணும்? ஒழுங்கா பழகற முறைன்னு ஒண்ணு சொல்லுங்க.

நாற்பது சீட்டு வெட்டுங்கள். இருபதில் 'நினை', இருபதில் 'நினைக்காதே' என்று எழுதிக் குலுக்கி டப்பாவில் போடுங்கள். தினமும் ஒரு சீட்டு. 'நினைக்காதே' வந்தால் அதே நேரம் அதே இடத்தில் உட்கார்ந்து, மனசுக்குள் சமையல் குறிப்பு ஓட்டிக்கொண்டு அதே அளவை எடுங்கள். அளவைப் படித்து எழுதுகிறவர் வேறு ஆளாக இருக்கட்டும், அவருக்கு அன்றைய சீட்டு தெரியக் கூடாது. நாற்பது நாள் முடிந்த பிறகுதான் இரண்டு வகையையும் பிரித்துக் கூட்ட வேண்டும்.

நடுவில் கூட்டிப் பார்ப்பதுதான் பெரிய சறுக்கல். 'இன்றைக்கு நன்றாக வந்திருக்கிறது, இதோடு முடித்துக்கொள்கிறேன்' என்று நிறுத்தினால், எந்தத் தாயக்கட்டையும் உங்களுக்குச் சாதகமாகத்தான் தெரியும். மோசமான நாளை 'மூட் சரியில்லை' என்று கிழித்துப் போட்டாலும் அப்படியே. எத்தனை நாள் என்று முதல் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அமெரிக்காவுல பெரிய யுனிவர்சிட்டியிலயே நிரூபிச்சுட்டாங்களாமே?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சொல்கிறீர்கள். ராபர்ட் ஜான் என்ற பொறியியல் பேராசிரியர் 1979ல் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார், அது 2007 வரை நடந்தது. மின்னணுக் கருவி ஒன்று சுண்டிய காசு போலக் கண்டபடி எண்களைக் கொட்டும். எதிரே உட்கார்ந்தவர் 'கூடட்டும்' அல்லது 'குறையட்டும்' என்று நினைக்க வேண்டும். லட்சக்கணக்கான முயற்சிகளுக்குப் பிறகு அவர்கள் சொன்ன விலகல் பத்தாயிரத்துக்குச் சிலவே. பின்னர் கீஸன், ஃப்ரைபர்க் என்ற இரண்டு ஜெர்மன் இடங்களின் ஆய்வுக்கூடங்களோடு சேர்ந்து அதே சோதனையைத் திரும்பச் செய்து, 2000ல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்பார்த்த விலகல் வரவில்லை. வரவில்லை என்று அவர்களே எழுதியதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2006ல் இப்படிப்பட்ட 380 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சின்ன ஆய்வுகளில் விலகல் பெரிதாகவும் பெரிய ஆய்வுகளில் மிகச் சிறிதாகவும் இருந்தது. நன்றாக வந்தவை மட்டும் அச்சேறினால் இப்படித்தான் தெரியும்.

பத்தாயிரத்துக்கு இரண்டு என்ற விலகலை வீட்டில் காசு சுண்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அது தற்செயலிலிருந்து கொஞ்சமாவது தனித்துத் தெரிய ஏறத்தாழ 2.5 கோடி தடவை சுண்ட வேண்டும். மூன்று வினாடிக்கு ஒரு தடவை, ராப்பகல் தூங்காமல் சுண்டினாலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். 'காலையில் அரை மணி நேரத்தில் தெரிந்தது' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நம்பாதவங்க பக்கத்துல இருந்தா வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே?

அப்படியானால் நம்பாதவரை வெளியே அனுப்புங்கள், ஜாடியையும் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்துக்கு அது எப்படித் தெரியப் போகிறது? நினைப்பால் கரண்டியை வளைப்பதாகச் சொன்ன யூரி கெல்லர் 1973ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜானி கார்சன் நிகழ்ச்சிக்கு வந்தபோது, பொருட்களை நிகழ்ச்சிக்காரர்களே தயார் செய்து வைத்திருந்தார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை. கார்சன் இளமையில் மந்திர வித்தை செய்தவர், தந்திரம் நுழையும் ஓட்டை எதுவென்று அவருக்குத் தெரியும். நம் பக்கத்தில் பகுத்தறிவாளர் ஏப்ரகாம் கோவூர், அற்புத சக்தியை ஏமாற்று இல்லாமல் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு அறிவித்தார். அவருக்குப் பின் கோவை போத்தனூரில் இருந்த பி. பிரேமானந்த் அந்தச் சவாலைத் தொடர்ந்தார். கடைசி வரை யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை.

நம்ம சித்தர்கள் அஷ்டமா சித்தி பெற்றவங்கதானே? அதைப் பொய்ங்கறீங்களா?

இல்லை. அணிமா, மகிமா, இலகிமா என்று சொல்வதெல்லாம் தவ வாழ்க்கையோடு சேர்ந்து வருபவை. அந்த மரபிலேயே, சித்தி வந்தாலும் அதில் மயங்கி நிற்காதே என்றுதான் எச்சரிப்பார்கள். அதைச் சமையலறைத் தராசில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் 'என் தராசு அசைந்தது' என்று நீங்கள் சொன்னால் அது தராசைப் பற்றிய பேச்சு. தராசைப் பற்றி எனக்குத் தெரியும்.

பையனை இதுக்கு ஒரு கிளாஸ்ல சேர்க்கச் சொல்றாங்க. பதினஞ்சாயிரம். சேர்க்கலாமா ஆன்ட்டி?

வேண்டாம்மா. எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் தன் பத்து வயது மகனை இப்படி ஒரு வகுப்பில் சேர்த்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு அட்டையின் நிறத்தைச் சொல்வான், அப்புறம் பொருளை அசைப்பான் என்றார்கள். நிறத்தைச் சரியாகச் சொன்னான். அட்டையை மூக்குக்குக் கீழே கொண்டு போகாமல் நெற்றிக்கு நேரே பிடித்தேன், திணறினான். கட்டுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாகப் பார்த்ததாகப் பிறகு என் மடியில் படுத்து அழுதான். பெரியவர்கள் கைதட்டும்போது பொய் சொல்லத் தோன்றாத பிள்ளை எது? பணத்தைவிட அந்த அழுகைதான் இன்னும் என்னை வருத்துகிறது.

இந்த ஊரில் எச். நரசிம்மையா பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1976ல், அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்தார். அவரும் இயற்பியல் ஆசிரியர். கேள்வி கேட்கத் தயங்காதே என்பதை மாணவர்களுக்குக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பையனை பசவனகுடி நேஷனல் கல்லூரிப் பக்கம் அறிவியல் கூட்டங்களுக்குக் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அனுப்புங்கள், ஜாடியும் ஊசியும் நான் தருகிறேன்.

நீங்க ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா மிஸ்? உண்மையைச் சொல்லுங்க.

ஒன்பது வருடமாக நோட்டு எழுதுகிறேன். மேலே சொன்ன சீட்டு முறையில் செய்த எல்லாவற்றிலும் 'நினை' நாட்களும் 'நினைக்காதே' நாட்களும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மூடிய ஜாடிக்குள் காகிதம் அசைந்த தடவைகளுக்கு எதிரே வெயில், பஸ், நிலைமின்சாரம், ஒரு தடவை எறும்பு என்று காரணம் எழுதியிருக்கிறேன்.

ஒரு வரிக்கு எதிரே மட்டும் காரணம் எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் மாலை, 6.20க்கு, மூடிய காகிதம் கால் சுற்று திரும்பி நின்றது. அன்றைய சீட்டு 'நினைக்காதே'. அடுத்த நவம்பரிலும் அதற்கடுத்ததிலும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே ஜாடியைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். அசையவில்லை. அந்த இடத்தை நோட்டில் காலியாகவே விட்டிருக்கிறேன்.